பல கடனை அடைக்க ஒரு கடன் வாங்கலாமா? இளைஞர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர் ஜவுளிக்கடை, கும்பகோணம் பாத்திரக்கடை, திருவாரூர் தனியார் பள்ளி, நாகப்பட்டினம் விசைப்படகு என்று எங்கே வேலை பார்த்தாலும், வேலைக்குப் போய் நாலைந்து வருடமே ஆன பலருடைய கடன் பட்டியல் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கிறது. ஒரு கிரெடிட் கார்டு, போன் ஆப்பில் எடுத்த ஒரு கடன், ஊரில் மூன்று வட்டிக்கு (நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய்) வாங்கிய பணம், பைக் தவணை, போன் தவணை. சிலருக்குக் கல்விக்கடனும் சேரும். எல்லாவற்றையும் ஒரே வங்கிக் கடனால் அடைத்துவிட்டு மாதம் ஒரே தவணையாகக் கட்டலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

ஒரே கடனாக மாற்றினால் கடன் குறையுமா?

குறையாது. 1,30,000 ரூபாய் கடன் மறுநாளும் 1,30,000 ரூபாய்தான். கட்டணங்களைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடவே இருக்கும். மாறுவது வட்டி விகிதமும், எப்போது முடியும் என்ற தேதியும். கார்டுக்கும் ஊர் வட்டிக்கும் முடிவுத் தேதியே கிடையாது. வங்கிக் கடனுக்கு உண்டு.

ஆகவே மூன்றும் ஒன்றாகக் கூடி வந்தால் மட்டும் வாங்குங்கள்: புதுக் கடனின் வட்டி பழையதைவிடத் தெளிவாகக் குறைவாக இருக்க வேண்டும், கட்டணம் உட்பட மொத்தமாகக் கட்டும் தொகை குறைய வேண்டும், பழைய கடன்கள் பணம் வந்த அந்த வாரத்திலேயே மூடப்பட வேண்டும். மூன்றாவதில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள்.

கையில் வரும் சம்பளம் 24,000. கார்டில் 60,000, மூணு வட்டிக்கு 40,000, ஆப் கடன் 30,000. மாத்தினா லாபமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலில் இன்றைய நிலை.

கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 60,000-க்கு 2,100 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 378. ஆக 2,478. குறைந்தபட்சத் தொகை என்று 3,000 கட்டினால் அசலில் கழிவது 522 ரூபாய் மட்டும். மூன்று வட்டிக்காரருக்கு மாதம் 1,200. அசல் 40,000 அசையாமல் அப்படியே நிற்கும். ஆப் கடன் ஆண்டுக்கு 30 சதவீதம், 12 மாதம் என்றால் தவணை சுமார் 2,925. அதில் முதல் மாத வட்டி 750.

மூன்றுக்கும் சேர்த்து மாதம் 7,125 ரூபாய் போகிறது. அதில் வட்டியும் வரியும் மட்டும் 4,428.

இப்போது 1,30,000-க்கு 16 சதவீத வட்டியில், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் முறையில், பெர்சனல் லோன் எடுத்தால்:

24 மாதம்: தவணை சுமார் 6,365, மொத்த வட்டி சுமார் 22,770
36 மாதம்: தவணை சுமார் 4,570, மொத்த வட்டி சுமார் 34,530
60 மாதம்: தவணை சுமார் 3,160, மொத்த வட்டி சுமார் 59,680

36 மாதத் தவணையைப் பாருங்கள். இன்று வட்டிக்கு மட்டும் போகும் 4,428-ஐவிட 142 ரூபாய்தான் அதிகம். அதைக் கட்டினால் மூன்று வருடத்தில் கடனே முடிந்துவிடும். எனவே இந்த ஆளுக்கு மாற்றுவது லாபம்.

எத்தனை மாதத் தவணை எடுப்பது?

வங்கி மேசையில் முதலில் காட்டப்படுவது 60 மாதமாகத்தான் இருக்கும், 3,160 ரூபாய் என்பது கேட்கச் சுகமாக இருப்பதால். ஆனால் மேலே சொன்னவர் ஏற்கெனவே மாதம் 7,125 கட்டிப் பழகியவர். அவரால் 6,365 கட்ட முடியும். 24 மாதம் எடுத்தால் 60 மாதத்தோடு ஒப்பிட ஏறக்குறைய 37,000 ரூபாய் மிச்சம். இப்போது எவ்வளவு கட்டுகிறீர்களோ அதற்குச் சற்றுக் கீழே வரும் தவணையைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு வரம்பு உண்டு: எல்லாத் தவணையும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் 40 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். 24,000-க்கு அது 9,600. பைக் தவணை 2,400 இருந்தால், 6,365 சேர்த்து 8,765. பொருந்துகிறது.

மாதச் சம்பளம் இல்லாமல் பருவ வருமானம் உள்ள வீட்டில் கணக்கு வேறு. நாகப்பட்டினம், மயிலாடுதுறைக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு வேலைதான் வருமானம் என்றால் அந்த இரண்டு தவணையையும் முன்கூட்டியே கணக்கில் எடுத்து வைக்காமல் கடன் வாங்காதீர்கள். நெல் வருமானம் உள்ள வீட்டில் நீண்ட தவணையாக எடுத்துக்கொண்டு, சம்பா அறுத்துக் கொள்முதல் நிலையப் பணம் கணக்கில் ஏறியதும் ஒரு பகுதி அசலைக் கட்டுவது சரிப்பட்டு வரும். அதற்கு இடையில் பகுதித் தொகை கட்ட அனுமதி உண்டா, எத்தனை தவணைக்குப் பிறகு, என்ன கட்டணம் என்பதை வாங்கும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும். நிலையான வட்டியில் தரும் பெர்சனல் லோன்களுக்கு முன்கூட்டி அடைக்கும் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் பெரும்பாலும் இருக்கும்.

ரெண்டு வட்டி, தண்டல், பிளாட் வட்டி: இதையெல்லாம் வங்கி வட்டியோடு எப்படி ஒப்பிடுவது?

ஊர் வட்டி எளிது. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாயோ அதை 12-ஆல் பெருக்குங்கள். இரண்டு வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம், மூன்று வட்டி 36, ஐந்து வட்டி 60.

தண்டல் கண்ணுக்குத் தெரியாமல் கடிக்கும். 10,000 என்று பேசி, 1,500 பிடித்துக்கொண்டு 8,500 தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள். '15 சதவீதம்தானே' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலும் திரும்பிக்கொண்டிருப்பதால், 8,500 ரூபாய் முழுசாக உங்கள் கையில் ஒரு நாள்கூடத் தங்குவதில்லை. கணக்கிட்டால் நாளுக்கு ஏறக்குறைய 0.33 சதவீதம், ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம். பத்து வட்டி!

பிளாட் வட்டியும் இதே வகை. அசல் குறைந்தாலும் கடைசிவரை முழுத் தொகைக்கே வட்டி போடுவார்கள். 1 லட்சம், 12 சதவீதம் பிளாட், மூன்று வருடம் என்றால் வட்டி 36,000, தவணை 3,778. அசல் குறையும் கணக்கில் இது சுமார் 21 சதவீதம். '12 சதவீதத்துக்குத் தர்றோம்' என்று யாராவது சொன்னால், பிளாட்டா, குறையும் அசலுக்கா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் பிளாட்தான்.

எந்தக் கடனைச் சேர்க்கக் கூடாது?

கல்விக்கடன். வட்டி பொதுவாகப் பெர்சனல் லோனைவிடக் குறைவு. படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை விலக்கு உண்டு. பழைய வருமான வரி முறையில் வட்டிக்கு எட்டு ஆண்டுவரை கழிவும் உண்டு. இதைப் போய் 16 சதவீதக் கடனால் அடைப்பது வீண்.

அப்பா பேரில் இருக்கும் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன். தமிழ்நாட்டில் தவணைத் தேதிக்குள் கட்டினால் அதற்கு வட்டியே இல்லை. குறுவையோ சம்பாவோ தள்ளிப்போய், தேதி தவறி சலுகை போய்விடும் நிலை வந்தால், ஓரிரு மாதத்துக்கு நகையை வைத்துக் கட்டிவிட்டு நெல் பணத்தில் மீட்பது வேறு விஷயம். உங்கள் பெயரில் மூன்று வருடக் கடன் எடுத்து அதை அடைக்காதீர்கள். 2021-இல் தமிழக அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்ததும் பலருக்கு நினைவிருக்கும். பயிர்க்கடனைப் பெர்சனல் லோனாக மாற்றிவிட்டால் அப்படி ஒன்று மறுபடி வந்தாலும் உங்களுக்கு இல்லை. (தள்ளுபடியை நம்பிக் கட்டாமல் இருப்பதும் தவறு.)

முடியப்போகும் தவணைகள். போனுக்கு இன்னும் மூன்று தவணை, பைக்குக்கு ஐந்து தவணை என்றால் விட்டுவிடுங்கள். தவணைக் கடனில் வட்டியின் பெரும்பகுதி முதல் பாதியிலேயே போய்விடும். கடைசியில் மூடினால் மிச்சமாவது சொற்பம், மூடும் கட்டணம் அதைத் தின்றுவிடும்.

அம்மா பேர்ல மூணு குழுக்கடன் ஓடுது. அதை நான் லோன் போட்டு அடைக்கலாமா?

ஒவ்வொன்றிலும் எத்தனை தவணை பாக்கி என்று முதலில் தவணை பதியும் அட்டையைப் பாருங்கள். பாதிக்குமேல் பாக்கி இருந்து, வட்டி உங்களுக்குக் கிடைக்கும் கடனைவிட நாலைந்து சதவீதமாவது அதிகமாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி இதுபோன்ற நுண்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கிடையாது. அடைத்ததும் அட்டையில் முடித்ததாகப் பதிந்து வாங்குங்கள். அடைத்த கையோடு 'அடுத்த சுற்று லோன் ரெடி' என்று வருவார்கள். அம்மாவுக்கு அதை மறுக்கச் சங்கடமாக இருக்கும், குழுவில் மற்றவர்களும் உட்கார்ந்திருப்பார்கள் இல்லையா. இதை வீட்டில் முன்பே பேசி முடிவு செய்யாவிட்டால் ஆறு மாதத்தில் உங்கள் லோனும் ஓடும், குழுக்கடனும் ஓடும்.

பெர்சனல் லோனா, நகைக்கடனா?

வட்டி மட்டும் பார்த்தால் நகைக்கடன். மேலே சொன்ன 1,30,000-ஐ 10 சதவீத நகைக்கடனாக எடுத்து, மாதம் அதே 6,365 கட்டிவந்தால் 23 மாதத்தில் முடியும், வட்டி சுமார் 13,000. பெர்சனல் லோனைவிட 9,000-க்குமேல் மிச்சம்.

'அதே 6,365 கட்டிவந்தால்' என்பதில்தான் சிக்கல். நகைக்கடனுக்கு மாதாமாதம் யாரும் கேட்டு வரமாட்டார்கள். பலரும் எடுப்பது ஒரு வருடம் கழித்து மொத்தமாகக் கட்டும் வகை. வருட முடிவில் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைப்பார்கள். அடுத்த வருடமும் அதேதான். ஒரு வருடம் வட்டியும் கட்ட முடியாமல் ஏல நோட்டீஸ் வரும். மாதத் தவணை வசதி உள்ள நகைக்கடனாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் சம்பளம் வரும் மறுநாளே கடன் கணக்குக்குப் பணம் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிடுங்கள்.

எடை போடும்போது கல், மெழுகு, அழுக்கு கழியும். வீட்டில் 'ஐந்து பவுன்' என்பது அங்கே 37, 38 கிராமாகலாம். ரிசர்வ் வங்கியின் 2025 விதிகளில் 2.5 லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் உச்சவரம்பு. மொத்தமாகக் கட்டும் வகையில் வருட வட்டியையும் அதற்குள்ளேயே அடக்க வேண்டும் என்பதால் கைக்கு வருவது இன்னும் குறையும். உச்சவரம்பு வரை எடுப்பதும் நல்லதல்ல. தங்கம் விலை இறங்கினால் வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள்.

நகை யாருடையது என்பதையும் யோசியுங்கள். தங்கை கல்யாணத்துக்கு வைத்திருப்பதை உங்கள் கார்டு பாக்கிக்கு வைப்பதாக இருந்தால், வீட்டில் சொல்லிவிட்டு வையுங்கள்.

சம்பளம் ரொக்கமாகத்தான் வருது. வங்கி தருமா?

பெர்சனல் லோன் கிடைப்பது கடினம். ஆறு மாதமாவது சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறிய பதிவு கேட்பார்கள். முதலாளியிடம் கேட்டுச் சம்பளத்தைக் கணக்கில் போடச் சொல்வது முதல் வேலை. அதுவரை கூட்டுறவு வங்கியிலோ சங்கத்திலோ நகைக்கடன். நிறுவனத்தில் பணியாளர் சிக்கன நாணயச் சங்கம் (உறுப்பினர்களுக்குள் சேமித்துக் கடன் தரும் சங்கம்) இருந்தால் அங்கே உறுப்பினராகிக் கேளுங்கள். பலர் அதை மறந்தே போகிறார்கள்.

கார்டு பாக்கி மட்டும்தான் பெரிய பாரம் என்றால், புதுக் கடனே வேண்டாம். அதே கார்டு வங்கியில் பாக்கியை மாதத் தவணையாக மாற்றக் கேளுங்கள். மாதம் 3.5 என்றால் ஆண்டுக்கு வரும் 42 சதவீதத்திலிருந்து அது நன்றாகவே இறங்கும்.

சிபில் மதிப்பெண் அடிபடுமா?

கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று காட்டும் இந்த மதிப்பெண், விண்ணப்பிக்கும்போது கொஞ்சம் இறங்கும். பல கடன் மூடப்பட்டு, தவணை ஒழுங்காகப் போனால் சில மாதத்தில் ஏறும். கெடுவது வேறு இடத்தில்: ஒரே வாரத்தில் ஐந்து ஆப், மூன்று வங்கி என்று விண்ணப்பம் போட்டால் ஒவ்வொரு விசாரிப்பும் பதிவாகி, பணத்துக்குத் தவிப்பவர் என்ற தோற்றம் வரும். முதலில் உங்கள் கடன் அறிக்கையை நீங்களே எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நீங்களே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது. மறந்துபோன 800 ரூபாய் பாக்கி ஒன்று அதில் உட்கார்ந்திருக்கும், பார்த்தால் தெரியும்.

கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

2024 அக்டோபர் முதல் தனிநபர்கள் வாங்கும் சில்லறைக் கடன்களுக்கு முக்கிய விவர அறிக்கை ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வட்டி, கட்டணங்கள் எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டு விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். விளம்பரத்தில் உள்ள வட்டியை விட்டுவிட்டு இந்த எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

பிறகு, கணக்கில் எவ்வளவு ஏறும் என்று கேளுங்கள். 1,30,000-க்குப் பரிசீலனைக் கட்டணம் 2 சதவீதம் என்றால் 2,600, ஜிஎஸ்டி 468; ஏறுவது 1,26,932. இதில் கேட்காமலே ஒரு காப்பீட்டையும் சேர்த்துப் பிடித்தால் இன்னும் நாலைந்தாயிரம் போகும். அடைக்க வேண்டியது 1,30,000, கையில் இருப்பது 1,22,000. அந்த இடைவெளிக்குத்தான் பலர் மறுபடி கார்டைத் தேய்க்கிறார்கள். காப்பீடு கட்டாயமில்லை, வேண்டாம் என்று சொல்லலாம்.

பணம் வந்த நாளில் என்ன செய்வது?

முந்தின நாளே ஒவ்வொரு கடனுக்கும் அன்றைய தேதியில் முழுமையாக மூடும் தொகையை எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். பிறகு வரிசையாக:

கார்டு. பில்லில் இருக்கும் தொகையைக் கட்டினால் போதாது. பில் தேதிக்கும் நீங்கள் கட்டும் தேதிக்கும் இடையில் ஓடிய வட்டி அடுத்த மாதம் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு என்று வந்து நிற்கும். அதைப் பழைய பில் என்று நினைத்து விட்டுவிட்டால் தாமதக் கட்டணமும் சேரும். வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்து இன்றைய முழுப் பாக்கியைக் கேட்டுக் கட்டுங்கள். அடுத்த பில் பூஜ்யமாக வருகிறதா என்று பாருங்கள். பிறகு கார்டை மூடுங்கள், அல்லது உச்சவரம்பை 10,000-ஆகக் குறைக்கச் சொல்லுங்கள்.

மூன்று வட்டிக்காரர். மொத்தமாக அசல் வருகிறது என்றால் நடப்பு மாத வட்டியை விட்டுத்தருபவர் உண்டு, கேட்டுப் பாருங்கள். பணத்தை வங்கி மூலம் அனுப்புங்கள். புரோநோட்டையும், கொடுத்து வைத்த வெற்றுக் காசோலைகளையும், ஏடிஎம் கார்டு கொடுத்திருந்தால் அதையும் அதே இடத்தில் திரும்ப வாங்குங்கள். 'வீட்டில் இருக்கு, அப்புறம் தர்றேன்' என்றால் பணமும் அப்புறம்தான். புரோநோட்டின் பின்புறம் 'முழுவதும் பெற்றுக்கொண்டேன்' என்று தேதியுடன் எழுதிக் கையெழுத்து வாங்குவது பழைய வழக்கம், நல்ல வழக்கம்.

ஆப் கடன். மூடியதும் பாக்கியின்மைச் சான்றைப் பதிவிறக்கி வையுங்கள். வங்கியில் தானாகப் பணம் எடுக்கும் அனுமதியை ரத்து செய்யுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த மாதமும் தவணை பிடிபட்டு, திரும்ப வாங்க அலைவது சகஜம்.

ஒன்றரை மாதம் கழித்து கடன் அறிக்கையை மறுபடி பாருங்கள். எல்லாம் 'குளோஸ்டு' என்று இருக்க வேண்டும். 'செட்டில்டு' என்று இருந்தால், குறைத்துக் கட்டியதாகப் பொருள். அது பல ஆண்டு கூடவே வரும்.

சீட்டு எடுத்து அடைத்தால்?

பதிவு பெற்ற சீட்டு, ஏற்கெனவே பாதிக்குமேல் கட்டியாகிவிட்டது, தள்ளு (ஏலத்தில் விட்டுக்கொடுக்கும் தொகை) குறைவாகப் போகிறது என்றால் பரவாயில்லை. கடனை அடைப்பதற்காகவே புதுச் சீட்டில் சேர்ந்து மூன்றாம் மாதம் ஏலத்தில் அடித்துப் பிடித்து எடுப்பது, பெயர் மாறிய மூன்று வட்டிதான்.

'உங்க லோன் அப்ரூவ் ஆயிடுச்சு, 2,500 கட்டுங்க' என்று போன் வந்தது.

மோசடி. உண்மையான வங்கி கட்டணத்தைக் கடன் தொகையிலிருந்து கழிக்கும். முன்கூட்டி ஜிபேயில் போடச் சொல்லாது. போட்டுவிட்டீர்கள் என்றால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

ஏற்கெனவே மூணு தவணை தவறிடுச்சு. மிரட்டுறாங்க.

இந்த நிலையில் குறைந்த வட்டியில் புதுக் கடன் கிடைக்காது; கிடைப்பது எல்லாம் பழையதைவிட மோசமாக இருக்கும். இருக்கும் வங்கியிடமே காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்க எழுதிக் கேளுங்கள். வசூல் முகவர் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். உதவி எண் 14448.

ஊர் வட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது: மூன்று ஆண்டுவரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். காவல் நிலையத்தில் மனு வாங்கத் தயங்கினால் திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுங்கள். இதுவரை கட்டிய தொகைகளைத் தேதிவாரியாக ஒரு தாளில் எழுதி, வங்கிப் பதிவு நகல்களோடு போங்கள்.

வங்கி ஜாமீன் கேட்கிறது. நண்பனைப் போடச் சொல்லலாமா?

நீங்கள் கட்டாவிட்டால் வங்கி நேராக அவரிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். அவருடைய கடன் அறிக்கையிலும் அது ஏறும், நாளைக்கு அவர் வீட்டுக்கடன் கேட்கும்போது தடங்கலாகும். இவ்வளவையும் அவரிடம் சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஒருவருக்கொருவர் மாற்றி ஜாமீன் போட்டுக்கொள்வதாக இருந்தால், இரண்டு பேர் சம்பளமும் ஒரே கடையிலிருந்து வருகிறதா என்று மட்டும் பாருங்கள். அந்தக் கடை மூடினால் இரண்டு கடனும் ஒரே மாதத்தில் நிற்கும்.